மணிக்கு ஐம்பது ரூபாய்

எழுபதுகளின் சித்தூரில் போக்குவரத்துத் தண்டனை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும், கடைத்தெருவில் வழியை மறித்து நிறுத்தினாலும் அதேதான். தள்ளிக்கொண்டு போனால் பஞ்சர் கடைக்காரர் பம்பை எடுத்தபடி, "என்னப்பா, மறுபடியும் புடுங்கிட்டாங்களா?" என்பார். அதற்குச் சட்டமும் இல்லை, ரசீதும் இல்லை; போலீஸ்காரரின் அன்றைய மனநிலைதான் விதி. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனாலும் தப்பு நடந்த இடத்திலேயே, இன்னதற்காக என்று தெரிந்து வாங்கிய தண்டனை அது.

திருப்பதியில் அப்போது நிறுத்தி வைக்க வண்டிகளே குறைவு. ரயிலடிக்கு வெளியே ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் ஏறினார்கள். இன்று புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றி நடந்து பாருங்கள். சென்னை, வேலூர், பெங்களூர் கார்கள் தெருவின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொள்ள, நடுவில் ஆட்டோவும் பக்தர்களும் நெருக்கியடித்துப் போகிறார்கள். 2023-இல் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் திறந்ததும் ஊர் மூச்சுவிட்டது உண்மை. ஆனால் பாலம் ஓடுகிற வண்டிக்கு வழி. நிற்கிற வண்டிக்கு இடம் வேண்டுமே!

இடம் தராத ஊர் அபராதம் மட்டும் தருகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொதுவான மீறல்களுக்கு முதல் தடவை 100 ரூபாய், மறுதடவை 300 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 1989 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெட்ரோல் லிட்டர் பத்து ரூபாய்க்கும் கீழே. அதாவது அபராதம் பத்து லிட்டருக்கு மேல். முப்பது வருஷம் அந்த 100 அப்படியே கிடந்தது. 2019 செப்டம்பரில் அதை 500 ஆக்கியபோது நாடே கூச்சலிட்டது. இன்றைய விலையில் 500 ரூபாய்க்கு ஐந்து லிட்டர் பெட்ரோல்கூட வராது. காரில் வருகிறவருக்கு அபராதம் பாதியாகிவிட்டது என்றே நான் படிக்கிறேன். அதே 500 ஆட்டோக்காரரின் அன்றைய வீட்டுச் செலவு.

இதைவிட வலிக்கிற மாற்றம் அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவில் நடந்தது. பழுதாகி நின்ற வண்டி போக்குவரத்தை மறித்தால் மணிக்கு ஐம்பது ரூபாய் வரை என்று பழைய வாசகம் சொன்னது. 2019 திருத்தத்தில் 'பழுதாகி' போயிற்று. மறித்து நிற்கும் எந்த வண்டிக்கும் பிரிவு பொருந்தும். நல்லது. ஆனால் கூடவே 'மணிக்கு' என்பதும் போய், 500 ரூபாய் வரை என்று மட்டும் நின்றது. நடக்க முடியாத பாட்டியைக் கோயில் வாசலில் இறக்கிவிடப் பத்து நிமிடம் நிறுத்தியவரும், அறை எடுத்துத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் வண்டி எடுப்பவரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். தெருவை எத்தனை நேரம் ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பதுதானே குற்றத்தின் அளவு?

இன்னொருவரை யாரும் கேட்பதே இல்லை. கார் நிறுத்தவென்று காட்டி அனுமதி வாங்கிய செல்லார், அதாவது கட்டடத்தின் அடித்தளம், இரண்டே வருஷத்தில் கடையாகவோ கிடங்காகவோ மாறிவிடுகிறது. அந்தக் கட்டடத்துக்கு வருகிறவர் தெருவில் நிறுத்துகிறார், சலான் அவர் செல்போனுக்குப் போகிறது. செல்லாரை மூடியவர் வாடகை வாங்குகிறார். அபராதத்தை நிர்ணயிக்க உட்காருகிறவர்கள் முதலில் அவர் வாசலுக்குப் போகட்டும்.

தொகையைக் கூட்டினால் போதும் என்பவர்களுக்கு நியூயார்க் கதை ஒன்று. 1997 முதல் 2002 வரை அந்நகரில் ஐக்கிய நாடுகள் சபைத் தூதர்கள் கட்டாமல் விட்ட பார்க்கிங் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பாக்கி சுமார் 1.8 கோடி டாலர். தூதர் என்பதால் வசூலிக்க வழியில்லை. 2002-இல் பாக்கி வைத்தவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்க நகரத்துக்கு அதிகாரம் வந்ததும் மீறல்கள் ஏறக்குறைய நின்றேபோயின. எங்கள் ஊர்களிலும் கட்சிக் கொடி கட்டிய கார்களுக்கும் 'போலீஸ்', 'பிரஸ்' ஸ்டிக்கர்களுக்கும் சீட்டு போகாதவரை 500-ஐ 5,000 ஆக்கினாலும் பயன் இல்லை.

நேரத்தை எழுதிக் கணக்குப் பார்ப்பது திருப்பதிக்குப் புதிதும் அல்ல. மலைப்பாதையில் விபத்தைக் குறைக்க ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரம் வைத்தார்கள். புறப்படும்போது தரும் சீட்டில் குறித்த நேரத்துக்கு முன்னால் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டும். அமைச்சருக்கும் லாரி டிரைவருக்கும் கடிகாரம் ஒன்றுதான். அதே சீட்டை அடிவாரத்திலும் கொடுக்கலாம். முதல் பதினைந்து நிமிடம் வயதானவர்களை இறக்க, இலவசம். பிறகு மணிக்கு இவ்வளவு. காருக்கு ஒன்று, பைக்குக்கு அதில் கால்வாசி. இடம் எங்கே காலியாக இருக்கிறது என்று தெருமுனையில் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் பலகை. வசூலான பணத்தில் ரயிலடியிலிருந்து மலையடிவார அலிபிரி வரை நடப்பவர்களுக்கு நிழலோடு ஒரு நடைபாதை.