படுதாவியல்: சென்னிமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சொல்லின் வேரை ஆராயாமல் தார்ப்பாயை விரிப்பது ஆய்வு மரபன்று. கப்பல்காரர்கள் கித்தானில் தார் பூசியதால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் நெசவூரான சென்னிமலையில் தார் என்றால் நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் சுற்று. பாயோ தமிழ்ச்சொல். எனவே தார்ப்பாய் இவ்வூரிலேயே பிறந்தது என நிறுவ ஆசைப்பட்டு, தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆத்தாவிடம் கருத்துக் கேட்டேன். "உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?" என்றார். கருதுகோள் கைவிடப்பட்டது.

இனி வகைப்பாடு. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்னும் ஜிஎஸ்எம் கணக்கை நம்புவது வணிகப் பள்ளி: 90 விறகுக்கு, 250 லாரிக்கு. மூலையைக் கசக்கிக் காதருகே வைத்துச் சலசலப்பைக் கேட்பது செவிவழிப் பள்ளி. இந்தியத் தர நிர்ணயத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கென ஐஎஸ் 7903 உண்டு. கடை வாசலில் காதுதான் செல்லுபடியாகிறது.

இரு பள்ளிகளும் தோற்கும் இடம் மஞ்சள் களம். வேகவைத்த மஞ்சள் பத்துப் பதினைந்து நாள் காய வேண்டும். இரவில் மூடாவிட்டால் பனி. பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம். மூச்சுவிடும் கித்தானே உத்தமம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கு இம்மரியாதை கூடச் செய்யாவிட்டால் எப்படி? ஆனால் திடீர்த் தூறலில் கைக்கு வருவது பழைய ஃபிளக்ஸ் பேனர்தான். மஞ்சள் நீராட்டு விழா பேனரே மஞ்சளை நீர் படாமல் காத்ததை நேரில் கண்டேன்.

தறிக்கூடத்தின் சிக்கல் வேறு. ஓடு ஒழுகிப் பாவு நனைந்தால் கஞ்சி இளகி இழை ஒட்டும். கருப்புப் படுதா கட்டினால் ஒழுகல் நிற்கும்; அறுந்த இழையும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அங்கே கனத்தைவிட வெளிச்சம் விடும் வெள்ளையே முக்கியம். ஊருக்கெல்லாம் போர்வை நெய்யும் ஊர், தன் கூரைக்குப் போர்வையைக் கடையில் வாங்குவது தனி ஆய்வுக்குரியது.

களப்பணிக்காக நானும் 250 ஜிஎஸ்எம்மில் ஒன்று வாங்கினேன், காருக்கு. மூன்றாம் நாள் பங்காளி வந்து வாங்கிப் போனார். இப்போது அது அவர் சோளத்தட்டுப் போர்மேல் இருக்கிறது. கேட்டால், "மாட்டுக்குத் தட்டு தீரட்டுங்க சித்தப்பா" என்கிறான் அவர் மகன். மாடு ஒன்றுதான், போர் பெரிது.