ரேகை விழாதவருக்கு எத்தனை மார்க்?

மனிதனின் எடையை அளந்தாயிற்று, ரத்தக் கொதிப்பை அளந்தாயிற்று, கடன் வாங்கும் யோக்கியதையைக்கூட சிபில் ஸ்கோராக்கியாயிற்று. மெஷினைக் கண்டால் ஆள் எவ்வளவு குழைவான் என்பதை மட்டும் விட்டுவைப்பானேன்? 2000-ல் அதற்கும் அளவுகோல் வந்தது. செய்தவர் அமெரிக்காவில் மார்க்கெட்டிங் பேராசிரியராக இருந்த ஏ. பரசுராமன்; அதற்குத் தொழில்நுட்பத் தயார்நிலைக் குறியீடு என்று பெயர். 36 வாக்கியங்கள், ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று ஐந்து படிகளில் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கையும் புதுமை ஆர்வமும் மார்க்கைக் கூட்டும். சங்கடமும் சந்தேகமும் குறைக்கும். 2015-ல் 16 வாக்கியமாகச் சுருக்கினார்கள். முதல் வடிவத்தில் ஆட்களுக்கு வகைப் பெயரும் இருந்தது. பயந்தவன் 'பேரனாய்டு'. கடைசியில் வருகிறவன் 'லேகார்டு'.

கடைக்காரன் வாடிக்கையாளனின் மனசை அளக்கட்டும், தப்பில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். நம் ஊரில் இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அலைவது அரசாங்கம். 'மக்கள் இன்னும் டிஜிட்டலுக்குத் தயாராகவில்லை' என்று ஏசி அறையில் பெருமூச்சு விடுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். ரேஷன் அரிசிக்கு அடுத்த கடை எங்கே இருக்கிறது?

ரேஷன் கடை ரேகை மிஷின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாற்பது வருஷம் நாற்று நட்டு, செங்கல் சுமந்து தேய்ந்த விரல். "ரேகை விழல ஆயா, தலையில தேச்சுட்டு வை." தேய்த்து வைக்கிறாள். சிவப்பு. புடவையில் துடைத்துவிட்டு அடுத்த விரல். சிவப்பு. அப்புறம் சர்வர் படுத்துக்கொள்கிறது. "நாளைக்கு வா ஆயா." அன்றைக்குப் போன கூலியை எந்த வாக்கியத்தில் சேர்ப்பது? பத்து விரலையும் நீட்டியவளைவிடத் தயாரான ஆள் யார்? தயாராகாதது மிஷின்; ஃபெயில் மார்க் மட்டும் அவளுக்கு.

2017-ல் ஜார்க்கண்டில், ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை ரத்தான குடும்பத்தில் ஒரு சிறுமி செத்துப்போனாள். பசி என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. மெஷினை யாரும் விசாரிக்கவில்லை.

இன்னொரு கூத்து: சந்தேகப்பட்டால் மார்க் குறையும் என்கிறது குறியீடு. யாரையும் நம்பாதே, ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்று காசு செலவழித்து விளம்பரம் போடுகிறது ரிசர்வ் வங்கி. நம்பிப் பணத்தைத் தொலைத்தவன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போட்டு அழும்போது, முழு மார்க் வாங்கியவன் என்று சான்றிதழ் கொடுப்பார்களா?

நூறு நாள் வேலைக்கு வருவோம். 2023 ஜனவரி 1 முதல் அதில் வருகைப் பதிவுக்கு ஆப் கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். டவர் கிடைக்காத இடத்தில் ஏரியைத் தூர்வாரியவர்கள், செய்த வேலைக்குக் கூலி கேட்டு அலைந்தார்கள். உங்களுக்கு ஆப் பழகவில்லை என்று அவர்களுக்கே பாடம் எடுத்தார்கள். 2025 ஜூலையில், ஆப்பைக் கட்டாயமாக்கிய அதே மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றனவாம், போட்டோவையே போட்டோ எடுத்துப் போடுகிறார்களாம். ஆகவே ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமாம்.

பரசுராமன் சாரின் அளவுகோலை இப்போது அமைச்சகத்திடமே நீட்டலாம். சந்தேகம்: ஐந்துக்கு ஐந்து. வகை: பேரனாய்டு.