மேயும் ஷல்லும்

எங்கள் காலத்து இங்கிலீஷ் வாத்தியார் கையில் பிரம்பும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் பிரிந்ததே இல்லை. 'ஐ', 'வீ' என்றால் ஷல், மற்றவர்க்கெல்லாம் வில். சபதமோ கட்டளையோ என்றால் அப்படியே தலைகீழ். இதை விளக்க, ஆற்றில் விழுந்தவன் கதை ஒன்று சொல்வார். அவன் பதற்றத்தில் வில்லையும் ஷல்லையும் இடம் மாற்றிக் கத்த, 'முழுகியே தீருவேன், எவனும் காப்பாற்றக் கூடாது' என்று அர்த்தமாகிவிட்டதாம். கரையில் நின்ற கனவான்களும் அவன் இஷ்டப்படியே விட்டுவிட்டார்களாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் 'ஐயோ' என்றாலே நாலு பேர் குதிப்பார்கள்.

மே தனி ரகம். வாசலில் நின்று 'மே ஐ கம் இன் சார்?' என்று கேட்க வேண்டும். 'கேன்' என்றவன் வெளியிலேயே நிற்பான். விடுவதும் விடாததும் அவர் இஷ்டம், அதுதான் மேயின் சூட்சுமம்.

1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்திலும் அந்த மேதான் வந்து உட்கார்ந்தது. 1965-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர 'மே' என்றது சட்டம். ஷல் போடுங்கள் என்றது தி.மு.க. இந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் ஷல் என்றே போட்டுவிடலாமே என்று கேட்டார் மாநிலங்களவையில் அண்ணா. போடவில்லை. 1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்திய எங்கள் பையன்களில் பாதிப் பேர் பரீட்சையில் ஷல்-வில் கேள்வியில் கோட்டை விட்டவர்கள்!

1967-இன் திருத்தத்திலும் அந்த மே அசையவில்லை. இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அத்தனையும் தீர்மானம் போடும்வரை ஆங்கிலம் போகாது என்று வேறோர் உட்பிரிவில் காவல் போட்டார்கள். ஷல் அங்கே இருக்கிறது.

இன்றைக்கு என் பேத்தி, "ஷல்லா? யார் தாத்தா இப்பல்லாம் அப்படிப் பேசுறா?" என்கிறாள். பேச்சில் மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் ஷல்லைத் தள்ளிவிட்டு மஸ்ட் போட்டுக்கொண்டது. அமெரிக்காவில் 2007-இல் சிவில் வழக்கு நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியவர்களும் ஷல்லைக் களைந்தார்கள். காரணம், ஷல் சில இடத்தில் மஸ்ட் ஆகிறது, சில இடத்தில் மே ஆகிறது என்பது. நாங்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட சொல்லுக்கு இங்கிலீஷ் பேசுபவர்களிடமே இதுதான் மரியாதை.

அது கெட்டியாக உட்கார்ந்திருப்பது வாடகை ஒப்பந்தத்தில்தான். போன மாதம் பதினோரு மாதத்து ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்தது. வாடகையை ஐந்தாம் தேதிக்குள் நான் தருவதற்கு ஷல். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் சரிசெய்வதற்கு மே.

"இதையும் ஷல்லாக்கிடுங்க தம்பி" என்றேன் தரகரிடம்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுதானே, அப்ப ஷல்னே போட்டுடுங்க."

"ஓனர் ஒத்துக்க மாட்டார் சார்" என்றார்.