ஆபீஸ் டயத்துக்கு ஒரு பஸ்

திருத்தங்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் கோயம்புத்தூர்ப் பிள்ளை. சென்னையில் ஏதோ ஆலோசனைக் கம்பெனியில் பஸ் ரூட்டுகளைத் திருத்தி அமைக்கும் வேலை. மகள் பத்து நாள் முன்பே வந்துவிட்டாள். தலைதீபாவளிக்கு அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த மருமகன் அதிரசத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். நான் வழக்கம்போல ஓசிப் பேப்பர் படிக்கப் போயிருந்தேன். ஆகவே இதில் பாதி நான் கேட்டது, மீதி கேட்டிருக்கக்கூடியது.

மாமா: வாங்க மாப்ளே. ராத்திரி பஸ்காரன் எத்தனை மணிக்கு இறக்கிவிட்டான்?

மாப்பிள்ளை: மூணரைக்குங்க மாமா. விருதுநகர் ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லயே இறங்கிக்கோங்கன்னுட்டான்.

மாமா: அவனச் சொல்லிக் குத்தமில்ல. மூணு டிக்கெட்டுக்காக உள்ள போயிட்டு வந்தா மிச்ச நாப்பது பேரு வைவாங்க. நாலுவழிச் சாலை வந்ததுலருந்து விருதுநகர்க்காரன் ரோட்டுலதான் நிக்கிறான். புது பஸ் ஸ்டாண்டுன்னு ஒண்ணைக் கட்டி, பஸ்ஸு உள்ள வராமலே வருஷக்கணக்காக் கிடந்துச்சு. அந்த ஏரியா ஆடுகளுக்கு நல்ல நிழல்.

மாப்பிள்ளை: ஒரு விதத்துல அவன் செஞ்சதுதாங்க மாமா சரி. பஸ்ஸு நேராப் போகணும், அடிக்கடி வரணும். ஊரு ஊராச் சுத்துனா ஆளு ஏற மாட்டாங்க. எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம்.

மாமா: சரி, மூணரைலருந்து என்ன செஞ்சீங்க?

மாப்பிள்ளை: அஞ்சு மணி வரைக்கும் பாலத்துக்கடியில நின்னேனுங்க.

மாமா: அந்த ஒண்ணரை மணி நேரம் எத்தனாவது பாடம்?

(மருமகன் பதில் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டினார். நம் மாவட்டம். விருதுநகர்–சிவகாசி, சிவகாசி–சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் எல்லாம் இரை விழுங்கிய பாம்பு மாதிரி தடித்துக் கிடந்தன. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே வெள்ளை.)

மாப்பிள்ளை: அமெரிக்காவுல ஹூஸ்டன்னு ஒரு ஊருங்க மாமா. 2015 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரியில மொத்த ரூட்டையும் மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு முடிவு எடுத்துக்கிட்டாங்க. இருக்கிற பஸ் ஓட்டத்துல நூத்துக்கு எண்பது பங்கு, கூட்டம் ஏறுற ரூட்டுக்கு. இருபது பங்கு, ஆளு ஏறாட்டியும் போயே ஆகணும்ங்கற இடத்துக்கு.

மாமா: அமெரிக்காவுலயும் ஆளு ஏறாத பட்டி இருக்கா?

மாப்பிள்ளை: எங்கயும் இருக்குங்க. வண்டி நிறையக் கூட்டமும் வேணும், எல்லா ஊருக்கும் பஸ்ஸும் வேணும்னா ஒரே டீசல்ல நடக்காது. ஒண்ணைக் கூட்டுனா இன்னொண்ணு குறையும். ஜாரெட் வாக்கர்னு ஒரு நிபுணர் இதை ஊர் ஊராப் போயிச் சொல்லிக்கிட்டிருக்காரு.

மாமா: இதுக்கு ஒரு வெள்ளைக்காரரு எதுக்கு மாப்ளே? சாயங்காலம் டிப்போவுல 'கலெக்‌ஷன் ஏன் கம்மி?'ம்பான் ஒருத்தன். மறுநா காலையில 'எங்க ஊருக்கு நேத்து ஏன் வரல?'ன்னு வண்டிய மறிப்பான் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் நடுவுல பையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் கண்டக்டர்னு பேரு. அது கிடக்கட்டும். ஒம்பதரைக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுன்னு போட்டிருக்கீங்களே, அது யாருக்கு?

மாப்பிள்ளை: அதுதாங்க பீக் அவர். வீடு வீடாப் போயி சர்வே எடுத்தோம். பாதிக்கு மேல 'ஆபீஸ் வேலை'ன்னு சொல்லியிருக்காங்க.

மாமா: என்ன ஆபீஸு?

மாப்பிள்ளை: அது கேக்கலைங்க. படிவத்துல அந்தக் கட்டம் இல்ல.

(மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அத்தை தண்ணீர் கொண்டுவந்து தலையில் தட்டும்வரை பேச்சு நின்றது.)

மாமா: எங்க ஊருல பட்டாசாபீஸு, தீப்பெட்டியாபீஸு, அச்சாபீஸுன்னு மூணு ஆபீஸு மாப்ளே. சுத்துற நாற்காலியும் ஏசியும் இருக்கிற ஆபீஸ் இல்ல. பட்டாசாபீஸுக்குப் போறவ வெள்ளன நாலு மணிக்கு எந்திரிச்சு, சோறு பொங்கித் தூக்குச்சட்டியில அடைச்சு, ஆறு மணிக்கு ரோட்டுல நிப்பா. வெயில் ஏறுறதுக்குள்ள மருந்து வேலைய முடிச்சாகணும். உங்க பத்து நிமிஷ பஸ்ஸு கிளம்புறப்ப அவளுக்குப் பாதி நாள் முடிஞ்சிருக்கும்.

மாப்பிள்ளை: அப்ப ஆறு மணிக்கு மாத்திரலாமுங்க. அங்க நல்ல கூட்டம் இருக்குமே!

மாமா: இருக்கும். ஏறாது. ஆபீஸ் வேன் வந்து அள்ளிட்டுப் போயிரும். ஏன்னு கேளுங்க. பட்டாசாபீஸை ஊருக்குள்ள வைக்க முடியுமா? ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இம்புட்டு இடைவெளி, ரோட்டுக்கு இம்புட்டு, வீட்டுக்கு இம்புட்டுன்னு 2008 வெடிபொருள் விதியில எழுதி வச்சிருக்கான். பெரிய ஆபீஸுக்கெல்லாம் நாக்பூர்ல இருக்கிற வெடிபொருள் துறை லைசென்ஸு. அதனால ஒவ்வொண்ணும் கரிசக்காட்டுல, வேலிக்கருவைக்குள்ள, ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காமக் கிடக்கு. ஆளுக ஒரே இடத்துல கும்பலாச் சேரக் கூடாதுங்கிறதுக்குத்தான் அந்த விதியே. நீங்க என்னடான்னா கும்பல் சேர்ற இடத்துக்குத்தான் பஸ்ஸுங்கிறீங்க. எங்க ஊரு ரூட்டை நாக்பூர்ல எப்பவோ போட்டு முடிச்சாச்சு.

மாப்பிள்ளை: (வேகமாகத் தட்டியபடி) அப்ப வேன்தான் எல்லா ஊருக்கும் போகுது. நல்ல மாடலுங்க மாமா. ஒரு கிராமமும் விடுபடறதில்ல.

மாமா: விடுபடாது. தீபாவளி முடிஞ்சு வேலை இல்லாத நாள்ல மட்டும் எல்லா ஊரும் ஒண்ணா விடுபடும். இன்னொரு மாடலும் இருந்துச்சு, அதையும் எழுதிக்கோங்க. 1980கள்ல தீப்பெட்டியாபீஸ் பஸ்ஸு விடிகாலை மூணு மணிக்கெல்லாம் கிளம்பிரும். அரசாங்க பஸ்ஸு எட்டிப் பாக்காத பட்டிக்கெல்லாம் போகும். உள்ள பூராம் தூங்கி விழுற சின்னப் பிள்ளைக. பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ்ஸு கிடையாது, ஆபீஸுக்கு உண்டு. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு 1990ல டாக்குமெண்டரியே எடுத்தாங்க. அம்புட்டுச் சுத்தமா ஒரு ஊரு விடாமப் போன பஸ்ஸை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல.

(எங்கோ ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது. அதுவரை அதிரசத்தை எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.)

மாப்பிள்ளை: வேன்ல போறவங்க போக, அரசு பஸ்ஸுக்கு மிச்சம் யாருங்க மாமா?

மாமா: பாட்டி. பேறுகாலத்துக்கு வந்த பிள்ளை. ரேஷன் கார்டுல பேரு சேக்கப் போறவன். பள்ளிக்கூடத்துப் பயலுக. எங்க ஊருச் சரக்கைத்தான் பஸ்ஸுல ஏத்தக் கூடாது, ஆளையாவது ஏத்தலாம்ல? நான் ஒரு ஊருக்கு நைட் ஹால்ட் போயிக்கிட்டிருந்தேன். ஊர்ப் பேரு வேண்டாம், பக்கத்து ஊர்க்காரன் சந்தோஷப்படுவான். ராத்திரி ஒம்பதரைக்குப் போயி வேப்ப மரத்தடியில வண்டியைப் போட்டா, டிரைவரு முன்னால, நான் கடைசி நீளச் சீட்டுல. வெள்ளன அஞ்சு பத்துக்கு எடுப்போம். பால் கேன் நாலு, பூ மூட்டை ரெண்டு, கோழி ஒண்ணு. அப்ப வேன் கம்மி, மருந்து வேலைக்குப் போறவங்களும் நம்ம வண்டிதான். சாயங்காலம் திரும்புறப்ப அவங்க குடுக்கிற சில்லறையில அலுமினியப் பொடி அப்பியிருக்கும். டிக்கெட் கட்டுல என் பெருவிரல் ரேகை வெள்ளியில விழும். பையைக் கவுத்துக் கணக்குக் குடுத்தா அம்பது காசும் ஒரு ரூபாயும் ஒரே மினுக்கு.

மாப்பிள்ளை: அந்த டிரிப் இப்ப?

மாமா: கட்.

மாப்பிள்ளை: யாரு கட் பண்ணாங்க?

மாமா: யாரும் பண்ணல, அதுதான் விசேஷம். இருக்கன்குடியில ஆடிக் கடைசி வெள்ளி, ஸ்பெஷலுக்கு வண்டி வேணும். எதை எடுத்தாச் சத்தம் கம்மியோ அதை எடுத்தாங்க. அடுத்து ஒரு முகூர்த்தம். அடுத்து ஸ்பேர் வண்டி இல்ல. அடுத்து ரோடு சரியில்ல. ஒரு நாள் பாத்தா ஊர்ப் போர்டு மட்டும் டிப்போவுல சாத்தி வச்சிருக்கு.

மாப்பிள்ளை: (முதல்முறையாகக் குரல் உயர்ந்தது) இதைத்தாங்க மாமா நானும் சொல்றேன். உங்க காலத்து மேப்புல எல்லா ஊருக்கும் கோடு இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு நடை, அதுவும் முகூர்த்தம் பாத்து வரும். அதை நம்பி யாரு ஒரு வேலைக்குச் சேருவா? பொய்க்கோடு அது. நான் கோட்டை அழிச்சேன்னு கோவிக்கறீங்க. பஸ்ஸை அழிச்சது நானில்லைங்களே.

(இந்த இடத்தில் நான் மருமகன் கட்சிக்குத் தாவிவிட்டேன் என்பதை மறைப்பானேன். மாமாவும் பாதி தாவியது மாதிரிதான் இருந்தது. அதிரசத் தட்டை மருமகன் பக்கம் நகர்த்தினார்.)

மாப்பிள்ளை: சின்ன ஊருக்கு மினி பஸ் விடலாமுங்க. 2025 ஜூன்ல புதுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. ரூட்டு 25 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. அதுல நூத்துக்கு 65 பங்காவது பஸ்ஸே போகாத பாதையா இருக்கணும்.

மாமா: 1997லயும் இதே மாதிரி ஒரு கணக்கு. பஸ் போகாத பாதை 16 கிலோமீட்டர், போற பாதை 4. பல வண்டிக அந்த நாலு கிலோமீட்டர்லயே மேலயும் கீழயும் ஓடிக்கிட்டிருந்துச்சு. பதினாறு பெர்மிட்ல பத்திரமா இருந்துச்சு.

மாப்பிள்ளை: எல்லாருமேவாங்க?

மாமா: சே, நல்லவனும் இருந்தான். அவன் வண்டியை வித்துட்டான்.

மாப்பிள்ளை: ஆனா 2021 மே 8லருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு இல்லை. மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக்குழுவே சொல்லியிருக்கு. கூட்டம் கூடியிருக்குமே?

மாமா: கூடுச்சு, டவுன் பஸ்ஸு வர்ற ஊருல. வராத ஊர்க்காரிக்கு எந்தப் பஸ்ஸுல காசில்லாட்டி என்ன? அதுல நீங்க வேற ரூட்டைச் சிவகாசியில வெட்டிட்டு 'இறங்கி மாறி ஏறிக்கோ'ங்கிறீங்க. மாறி ஏறுற வண்டி ரூட் பஸ்ஸா இருந்தா அவ டிக்கெட் எடுக்கணும். நீங்க மேப்புல ஒரு வளைவை நிமுத்தினா அங்க ஒருத்தி முந்தானை முடிச்சை அவுக்கணும்.

மாப்பிள்ளை: (குறித்துக்கொண்டு) இன்னொரு சந்தேகமுங்க. சில ஊருல ஸ்டாப் ஊரு முக்குல இருக்கு. ஏறுற ஆளு அரைக் கிலோமீட்டர் தள்ளிக் காலனியில இருக்காங்க. சாப்ட்வேர் தப்புன்னு நினைச்சேன்.

மாமா: பஸ்ஸு நிக்காத ஊரைப் பத்தி 'கர்ணன்'னு படம் வந்துச்சே, பாத்தீங்களா?

மாப்பிள்ளை: 2021லயே பாத்துட்டேனுங்க.

மாமா: அப்ப சாப்ட்வேர்ல தேடாதீங்க. 1997ல நம்ம விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம்னு பேரு வச்சாங்க. கட்டபொம்மன் படைத் தளபதி, தாழ்த்தப்பட்ட சாதியில பிறந்தவரு. அந்தப் பேரு எழுதின வண்டியில ஏற மாட்டோம்னு மத்த சாதிக்காரங்க சில பேரு கிளம்பினாங்க. கல்லு, கலவரம், உசிரும் போச்சு. கடைசியில மாவட்டத்துக்கும் கழகத்துக்கும் வச்சிருந்த தலைவருக பேரை மொத்தமாத் தூக்கிட்டாங்க. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாச்சு. ரூட்டு அதே ரூட்டு, டயம் அதே டயம். கூட்டமும் இருந்துச்சு, பஸ்ஸும் இருந்துச்சு. உங்க எண்பதுக்கு இருபதுல இது எந்தக் கட்டத்துல வருது?

(மருமகன் சிறிது நேரம் திரையையே பார்த்தார். பிறகு 80 என்றிருந்ததை 65 ஆக்கினார். வெம்பக்கோட்டைப் பக்கத்து வெள்ளையில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு முளைத்தது.)

மாப்பிள்ளை: உங்க நைட் ஹால்ட் ஊருக்கு ஒரு டிரிப் வந்துருச்சுங்க மாமா. காலையில பத்து நாப்பது.

மாமா: பத்து நாப்பதுக்கு அங்க யாரு இருப்பா?

மாப்பிள்ளை: பாட்டி.

மாமா: எத்தனை கிலோமீட்டர் காட்டுது?

மாப்பிள்ளை: பதினாலுங்க.

மாமா: 2021ல நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை விட்டாருல்ல, பஸ்ஸு ஒரு கிலோமீட்டர் ஓடினா 59 ரூபாய் 15 காசு நஷ்டம்னு. அதைப் பெருக்குங்க.

மாப்பிள்ளை: 828 ரூபாய் 10 காசு. போக மட்டும்.

மாமா: அதை அப்படியே அறிக்கையில எழுதுங்க. 'பாட்டிக்கு ஒரு நடைக்கு 828 ரூபாய் 10 காசு தெரிஞ்சே செலவு பண்றோம்'னு. இத்தனை நாளா இதை நஷ்டம்னு எழுதி எழுதித்தான் சத்தமில்லாம வெட்டினாங்க. செலவுன்னு எழுதிட்டா, வெட்டுறவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை: கையெழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுட்டேனுங்க. ஹூஸ்டன்லயும் எண்பதுக்கு இருபதுன்னு முடிவு பண்ணது அவங்க போர்டுதான், சாப்ட்வேர் இல்ல.

மாமா: வேற என்ன கேக்குது?

மாப்பிள்ளை: ரூட்டுக்கு ஒரு பேரு கேக்குதுங்க. பாட்டி பேரையே வச்சிரலாமா?

மாமா: நம்பர் போடுங்க மாப்ளே. வெறும் நம்பர்.