அவசரக்காரனுக்கு ஆமைப் பண்ணை

வா நைனா, குந்து. டீ சொல்லட்டா? மாடியில ஆமைப் பண்ணை வெக்கப் போறியாமே! தண்டையார்பேட்டை மார்க்கெட்டு வரைக்கும் இதான் பேச்சு. சோக்கான ரோசனை. ஆமை குரைக்காது, கத்தாது, வேலி தாண்டி ஓடாது. பொன்னேரிப் பக்கம் மாடு மேய்ச்ச காட்டான் நான், எனக்கு இன்னா தெரியும்? இருந்தாலும் வயசான கட்டை சொல்றேன், ரெண்டு வார்த்தை காதுல வாங்கிக்கினு போ.

இன்னா ஆமை? முதுகுல மஞ்ச கோட்டுல நட்சத்திரம் வரைஞ்சா மாதிரி இருக்குமே, அதுவா? பலே. கெட்டிக்காரன்தான், தேடிப் புடிச்சிருக்க. 1972-ல போட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒண்ணு கீது. அதை 2022-ல திருத்தசொல்ல இந்த நட்சத்திர ஆமைய புலி, யானை இருக்கிற முதல் பட்டியல்லயே ஏத்திட்டாங்க. வூட்ல வெச்சிருந்தா குறைஞ்சது 3 வருசம், போனா 7 வருசம் உள்ள. ஃபைனு 25,000 ரூபாய்க்கு மேல. வெளிநாட்டு வியாபாரம் பண்ணலாம்னு பாத்தியா? அதையும் 2019-ல ஜெனீவாவுல நாடுங்க எல்லாம் கூடி அடைச்சிட்டாங்க. ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. ரெண்டும் தனித்தனியா வரும்னு நெனைச்சிட்டாங்க பாவம். உன் வூட்டுக்கு ஒண்ணாவே வரும், காட்டு இலாகா ஜீப்புல.

சரி, சட்டத்த வுடு. அது பாட்டுக்கு இருக்கட்டும். தொழிலப் பேசுவோம்.

முட்டை போடற வயசுக்கு வர பொட்டை ஆமைக்குப் பல வருசம் ஆவும். வந்தப்பறமும் பொழுது பாத்து, மண்ணு பாத்து, பின்னங்காலால குழி நோண்டி, மண்ணு இளக தண்ணி பேஞ்சி, ஒரு தபாவுக்கு நாலஞ்சு முட்டை வெக்கும். உன் லோன்காரன் மாசம் அஞ்சாந்தேதி வருவான்னு அதுக்குத் தெரியாது. முட்டைய எடுக்கசொல்ல மேல எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கமே இருக்கணும். பென்சிலால ஒரு புள்ளி வெச்சிக்கோ. புரட்டிப் போட்டுட்டா உள்ள இருக்கிற குஞ்சு தங்காது. அப்பால மூணு மாசத்துக்கு மேல, சில நேரம் அஞ்சு மாசம், கையக் கட்டிகினு குந்தியிருக்கணும். நீ நேத்து பஜ்ஜி வேகுற வரைக்கும் நிக்காம பாதி மாவோட வாங்கித் தின்னவன்.

இன்னொரு சங்கதி. ஆணா பொண்ணான்னு ஆமைக்கு முட்டையில முடிவு பண்றது சூடு. 32 டிகிரிய நெருங்கினா பெரும்பாலும் பொட்டை. 28, 29 வாக்குல நின்னா ஆம்பளை. உன் மாடியிலயோ தகர ஷீட்டு. சித்திரை வெயில்ல அதுக்கடியில ஆணும் வராது, பொண்ணும் வராது. அவிச்ச முட்டைதான் வரும். மிளகுத்தூள் ரெடி பண்ணி வெச்சிக்கோ.

தப்பித் தவறி குஞ்சு வந்துச்சுன்னா உங்காத்தா ஆசையா இட்லி, பன்னு, பிஸ்கட்டு ஊட்டுவா. புல்லும் பூவும் கள்ளியும் தின்ற ஜீவன் அது. கண்டதைத் தின்னு, வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாம வளந்தா ஓடு மேடும் பள்ளமுமா கோணிக்கும். அதையும் மீறிப் பொழைச்சா பல பத்து வருசம் இருக்கும். உன் பேரன் கீரை வாங்கிப் போடணும். அவனை ஒரு வார்த்தை கேட்டியா?

வெளிநாட்டு ஆமைன்னா பரவாயில்லன்னு நெனைக்கிற, மூஞ்சியிலயே தெரியுது. அந்த வனவிலங்குச் சட்டத்தோட பட்டியல்ல இருக்கிற வெளிநாட்டு ஜீவன் எதை வெச்சிருந்தாலும் பரிவேஷ்னு ஒரு வலைத்தளத்துல பதிவு பண்ணணும்னு 2024-ல விதி வந்தாச்சு. குஞ்சு பொறந்தா சொல்லு, செத்தா சொல்லு, கை மாறினா சொல்லு. உன் புள்ளைக்கு பர்த் சர்டிபிகேட் வாங்கவே நீ மூணு புரோக்கரப் புடிச்ச.

காதாண்ட செவப்புப் பட்டை போட்ட தண்ணி ஆமை இருக்கே, மீன் கடையில ரூபா நாணயம் அளவுல விக்கிறானே, அது? அமெரிக்காவுலேருந்து வந்த விருந்தாளி. தட்டு அளவு வளரும். வளந்ததும் நம்மாளு இருட்டுல கொண்டுபோயி கோயில் குளத்துல வுட்டுட்டு புண்ணியம்னு கும்புட்டுட்டு வருவான். அது அங்க நம்மூரு ஆமைங்க சோத்தப் புடுங்கித் தின்னும். நாலு இன்ச்சுக்கும் சின்ன ஆமைய விக்கவே கூடாதுன்னு அமெரிக்காக்காரனே 1975-ல தடை போட்டான். வாயில வெச்சி வெளையாடின புள்ளைங்களுக்கு சால்மோனெல்லா கிருமியில வயித்தால போச்சு. நம்ம மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல வேடிக்கையப் பாரு: நம்ம நட்சத்திர ஆமைய பெட்டியில ஒளிச்சி அந்தப் பக்கம் கடத்தறான், அந்த செவப்புக் காதுக்காரன இந்தப் பக்கம் கடத்தறான். நல்ல பண்டமாத்து.

ஆமை மேல மெய்யாலுமே ஆசைன்னா வடநெம்மேலிக்கு பஸ் ஏறு. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல தொடங்கின முதலைப் பண்ணை. அழியப் போற ஆத்து ஆமைங்களையும் வெச்சிப் பாக்கறாங்க. அவங்க வருசக் கணக்கு போடறவங்க, நீ வட்டிக் கணக்கு போடறவன். டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வந்துரு.

துட்டுதான் வேணும்னா கொளத்தூருக்குப் போ. அங்க வூட்டுக்கு வூடு வண்ண மீன் பொழப்பு. கப்பி மீனு மாசத்துக்கு ஒரு தபா குட்டி போடும், உன் அவசரத்துக்குத் தோதா. கொசுப்புழுவையும் தின்னும். அது ரொம்ப முக்கியம் நைனா. ஏன்னா நீ ஆமைக்குன்னு போன மாசம் வாங்கி, தண்ணி புடிச்சி, மாடியில வெச்சியே ஒரு தொட்டி, காலைல எட்டிப் பாத்தேன். பண்ணை ஜோரா நடக்குது. கார்ப்பரேஷன்காரன் ஃபைனு போட வரதுக்குள்ள கவுத்துடு.