வாங்குடா பேராண்டி, வாங்கு!

வாங்கு பேராண்டி, தாராளமா வாங்கு. நீ செல்லுல அனுப்பின புரோச்சரை எதிர்வூட்டுப் பொண்ணு பெருசு பண்ணிக் காட்டுச்சு. சுத்தி எட்டடி மதிலு, வாசல்ல ரெண்டு செக்யூரிட்டி, மூலைக்கு மூலை கேமரா, நீச்சல் குளம், யோகா பண்ண மண்டபம். கடைசிப் பக்கத்துல ‘முதியோர் நடைபாதை’ன்னு போட்டு, பஞ்சுத் தலையோட ஒரு தொரை முப்பத்திரெண்டு பல்லும் தெரிய நடந்து போறாரு. அந்த வயசுல முப்பத்திரெண்டும் வெச்சிருக்கறவரு எந்த ஊருன்னு வெசாரிச்சுச் சொல்லு.

“மாம்பலம் இனிமே ஆவாது தாத்தா. பாதுகாப்பு இல்லை, புள்ளைய வெளிய வுட முடியலை. முடிச்சூர் தாண்டிப் போயிட்டா குடும்பமா நிம்மதியா இருக்கலாம்”னு சொல்றே. அப்புறம், “நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே, இன்னா சொல்றீங்க?”ன்னும் கேக்கறே. உங்கப்பன் பொண்ணு பாக்கப் போனப்பகூட என்னைக் கேக்கலை. நீ கேட்டியே, மகராசனா இரு.

மொதல்ல உன் மேற்கு மாம்பலத்துக்கு வர்றேன். அந்த எடத்தைப் பத்தி நீ சொல்றது ஒண்ணும் பொய்யில்லை. கொசு மாம்பலம்னு மெட்ராஸ்காரங்களே பட்டப்பேரு வெச்ச எடம். உன் போர்ஷனுக்கு மாடிப்படி ஏறணும்னா எறங்கறவங்க எறங்கி முடிக்கணும். நல்ல மழை ஒண்ணு புடிச்சா துரைசாமி சப்வேயில வண்டி போவாது. பைக் நிறுத்தற எடத்துக்குக் கீழ்வூட்டுக்காரரோட நீ போட்ட சண்டை தெருவுக்கே மனப்பாடம்.

அந்தத் தெருவைப் பத்தித்தான் பேசணும். போன தையில வந்தப்ப சந்து மாறிப் போயி முழிச்சுக்கினு நின்னேன். இஸ்திரி போடறவரு பொட்டியை நிமுத்தி வெச்சுட்டு, “யார் வூட்டுக்குப் பெரியவரே?”ன்னாரு. உன் பேரைச் சொன்னேன். பக்கத்துல பூ கட்டிக்கினு இருந்த அம்மா, “ரெண்டாம் மாடி. கொழந்தைக்கு ஜொரம், ஸ்கூலுக்குப் போவலை. அந்தப் பொண்ணும் லீவு போட்டிருக்குது. போங்க, இருப்பாங்க”ன்னுச்சு. உன்கிட்ட வந்து சொன்னா, மூஞ்சியைச் சுளிச்சுக்கினு “பிரைவசியே இல்லை தாத்தா”ன்னே. வாஸ்தவம், இல்லைதான். ஆனா புதுசா ஒருத்தன் அந்தச் சந்துல குறுக்க நெடுக்க ரெண்டு தரம் நடந்தா, மூணாந்தரம் யாராவது “யாருப்பா நீ?”ன்னு கேட்டுருவாங்க. கேமரா பாக்கும், கேக்காது. எல்லாம் போனப்புறம் போலீசுக்குப் படம் காட்டும். அதுவும் வேணுந்தான், நான் வேணாங்கலை. ‘மூன்றாவது கண்’ணுன்னு பேரு வெச்சு போலீசே மெட்ராஸ் பூரா மாட்டி வெச்சிருக்குது. மொத ரெண்டு கண்ணையும் தொலைச்சுட்டு மூணாவதை மட்டும் வெச்சுக்கினு இன்னா பண்ணுவே, சொல்லு.

உடனே ‘கெழவன் கூட்டத்தைத் தலையில தூக்கி வெச்சு ஆடறான்’னு நெனைச்சுடாதே. 2016-ல நுங்கம்பாக்கம் ஸ்டேசன்ல, காலையில ஜனம் ரயிலுக்கு நின்னுக்கினு இருக்கறப்பவே ஒரு பொண்ணை வெட்டிப் போட்டுட்டு ஒருத்தன் போனான். பாத்தவங்க பாத்துக்கினே நின்னாங்க. சரி, மதிலு கட்டினா ஆச்சான்னா, அயனாவரத்துல ஒரு அடுக்குமாடிக்கு மதிலும் இருந்துச்சு, கேட்டும் இருந்துச்சு. காது சரியா கேக்காத ஒரு சின்னப் பொண்ணை மாசக்கணக்கா நாசம் பண்ணினது லிஃப்ட் ஓட்டறவன், வாட்ச்மேன், பிளம்பர்னு உள்ள வேலை பாத்தவனுங்க. 2018-ல விசயம் வெளிய வந்து 17 பேரைப் புடிச்சாங்க, 2020-ல 15 பேருக்குத் தண்டனை ஆச்சு. இந்த எடத்துல எனக்குக் கிண்டல் வரமாட்டேங்குது பேராண்டி. உன் பொண்ணு பட்டணத்துல வளந்தாலும் சரி, ஏரிக்கரையில வளந்தாலும் சரி, அன்னன்னிக்கு நடந்ததை அது வாயைத் தொறந்து சொல்ற நேரத்துல அப்பனோ ஆத்தாளோ பக்கத்துல முழிச்சுக்கினு இருக்கணும்.

இப்ப அந்த நேரத்துக் கணக்கைப் போடு. உனக்குத் தரமணியில ஆபீசு. உம் பொண்டாட்டிக்குப் பாரிஸ் கார்னர்ல பேங்கு. அபார்ட்மென்ட்லேர்ந்து அது ஷேர் ஆட்டோவுல தாம்பரம் வரணும், அங்க மின்சார ரயில் புடிச்சு பீச்சு போவணும். 1931-லேர்ந்து கரண்டுல ஓடற லைனு, ரயிலைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன கொண்டு போயி எறக்கிடும். ரயிலடிக்கு வந்து சேர்றதுலதான் அது பாதி உசிரை வுடும். நீ பைக்ல மேடவாக்கம் சிக்னல் சிக்னலா நின்னு, பள்ளிக்கரணையைத் தாண்டறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும். ஏழரைக்குக் கெளம்பி ராத்திரி எட்டரைக்குத் திரும்புவீங்க. புள்ளை ஸ்கூல் வேன்ல வந்து எறங்கி, டே-கேர்ல உக்காந்து, வேற யாரோ குடுக்கற பிஸ்கோத்தைத் தின்னுட்டு தூங்கிப் போயிருக்கும். குடும்பமா இருக்கணும்னு வாங்கற வூட்டுக்குக் குடும்பம் படுக்க மட்டும் வரும். யோகா மண்டபத்துல அந்தப் பஞ்சுத் தலை தொரைதான் ஒண்டியா உக்காந்துக்கினு இருப்பாரு.

திருடனுக்கும் ரவுடிக்கும் பயந்து ஊரைவுட்டுப் போறேங்கறே. தமிழ்நாட்டுல 2022-ல மட்டும் ரோட்டுல அடிபட்டுச் செத்தவங்க 17,000-க்கும் மேல. கொலையாவறவங்க அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. நீ ரவுடியை மாசத்துக்கு ஒரு தரம் பேப்பர்ல பாக்கறே, ரோட்டைத் தினம் ரெண்டு தரம் பாக்கப்போறே. எதுக்குப் பயப்படணும்னு உன் இன்ஜினீயர் மூளைக்கு வுட்டுடறேன்.

அடுத்தது தண்ணி. இதுல நான் கொஞ்சம் வெவரமானவன், காதைக் குடு. அடையாறுன்னா கோட்டூர்புரம் பாலத்துக்கு அடியில கறுப்பா கெடக்குமே, அதுதான்னு நெனைச்சுக்கினு இருக்கே. அது பொறக்கறது எங்க பக்கத்துல. ஆதனூரு, மணிமங்கலம் ஏரிங்க ரொம்பிக் கலங்கல் வழிஞ்சா, அந்தத் தண்ணி வரதராஜபுரம், முடிச்சூரைத் தொட்டுக்கினுதான் கீழ போவும். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. டிவிக்காரங்க எல்லாம் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம்னு தொண்டை கிழியக் கத்தினாங்க. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி ஆத்துல வந்து சேர்றது திருநீர்மலைகிட்ட. முடிச்சூர் அதுக்கு மேல இருக்குது. முடிச்சூர்ல படகு வுட்டாங்களே, அந்தத் தண்ணி முச்சூடும் எங்க ஏரிங்களோடது. வேற ஊரு ஏரி பேரை வாங்கிக்கினு போச்சேன்னு எனக்கு ஒரு பக்கம் வருத்தந்தான். 2023 மிக்ஜாம் புயல்லயும் அதே தெருங்கதான் தண்ணியில நின்னுச்சு.

நீ பாத்து வெச்சிருக்கற எடம் மூணு போகம் நெல்லு வெளைஞ்ச நஞ்சை. நீச்சல் குளம்னு படம் போட்டிருக்கானே, கிட்டத்தட்ட அங்கதான் மதகுத் தண்ணி வந்து வுழும். வாய்க்கா போன வழியில இப்ப ‘பி’ பிளாக்கு நிக்குது. எப்படித் தெரியும்னு கேக்காதே. வித்தது நம்ம பங்காளிங்கதான், அதுல என் பங்கும் உண்டு. வெலை நல்லாத்தான் குடுத்தான்.

மாம்பலம் மட்டும் மேடான்னு நீ கேப்பே. கேளு, ஞாயந்தான். மாம்பலத்துல ஒரு பெரிய ஏரி இருந்துச்சு, நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமா கெடக்கும். 1920-கள்ல அதைத் தூத்து மனை போட்டதுதான் உன் தி.நகரு. வள்ளுவர் கோட்டம் நிக்கறதும் ஏரி எடந்தான். ஏரியில வூடு கட்டறதை எங்களுக்குக் கத்துக் குடுத்ததே பட்டணத்துக்காரங்க. நீங்க நூறு வருசத்துக்கு முன்னாடி தூத்தீங்க, நாங்க முந்தாநேத்து ஆரம்பிச்சோம். ரெண்டுக்கும் நடுவுல பாட்டன், முப்பாட்டன் வாங்கின அடி இருக்குது. எந்தத் தெருவுல எவ்வளோ நிக்கும், எப்ப வடியும்னு உங்க பூக்காரம்மாவுக்குத் தெரியும். புது அபார்ட்மென்ட்ல உனக்கு முன்னாடி வாழ்ந்தவன் தவளை ஒண்ணுதான், அதைக் கேட்டா வெவரமாச் சொல்லாது.

குடிதண்ணியா? அதுக்கு லாரி வரும். 2019 கோடையில பட்டணமே காய்ஞ்சு, ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டாந்து வில்லிவாக்கத்துல எறக்கினாங்க. அந்த வருசமும் எங்க கெணத்துக்கு லாரிக்காரன் வரிசையில நின்னான். நீ அங்க குடி போனாலும் நம்ம கெணத்துத் தண்ணியைத்தான் காசு குடுத்துக் குடிப்பே. பொறந்த ஊரு பாசம் உன்னை வுடாது பாரு.

புள்ளைங்க வெளையாட எடம் இருக்குதேங்கறே. இருக்குது. அபார்ட்மென்ட்டு சங்கம் ஒண்ணு இருக்கும், அது போர்டு போடும். புல்லுல நடக்காதே, பந்து ஒதைக்காதே, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் சத்தம் போடாதே, கார் நிறுத்தற எடத்துல சைக்கிள் வுடாதே. வாட்ஸப்புல தினம் ஒரு சண்டை நடக்கும். சந்துல கிரிக்கெட் ஆடி ஜன்னலை ஒடைச்ச உன் பொண்ணுக்கு அங்க போனா இந்தப் போர்டை எல்லாம் வாசிக்கவாவது தமிழும் இங்கிலீசும் நல்லா வந்துரும்.

இவ்வளவு சொல்றேனே, புறநகரு முழுக்க ஆவாதுன்னு நான் சொல்லலை. மாம்பலத்துல ஒரு வூடு வாங்கற காசுக்கு உன் சம்பளத்தை மட்டுமில்லை, உன் புள்ளை சம்பளத்தையும் சேத்து எழுதிக் குடுக்கணும். புறநகர்ல வெளிச்சம் உண்டு, காத்து உண்டு, மொட்டை மாடியில நின்னா நட்சத்திரம் தெரியும். தாம்பரம் 2021-ல மாநகராட்சி ஆச்சு, 2022-லேர்ந்து தனி போலீஸ் கமிசனரு இருக்காரு. 2023 கடைசியில கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டையும் தொறந்துட்டாங்க, என்னைப் பாக்கணும்னா இனிமே நீ சாக்கு சொல்ல முடியாது. பழைய தாம்பரம், குரோம்பேட்டைன்னு ரயிலடிக்கு நடக்கற தூரத்துல அம்பது வருசமா ஜனம் குடியிருக்கற தெருங்க இருக்குது. அங்கயும் இஸ்திரிக்காரரு உண்டு, பூக்காரம்மா உண்டு, உன்னை நிறுத்தி யாருன்னு கேக்கறவன் உண்டு. மதிலுக்குள்ள தேடறதை வுட்டுட்டு அந்தப் பக்கம் தேடு. பழைய கட்டடமா இருக்கும், நீச்சல் குளம் இருக்காது. உனக்கு நீச்சலும் தெரியாது.

இல்லை தாத்தா, அந்தப் புரோச்சர் வூடுதான் வேணும்னு அடம் புடிச்சா, ஒரு வேலை பண்ணு. மொதல்ல அதே எடத்துல வாடகைக்குப் போ. ஐப்பசி, கார்த்திகையை அங்கயே ஓட்டு. அடைமழை ராத்திரியில செக்யூரிட்டி எங்க படுத்துக்கறான்னு பாரு, கரண்டு போனா லிஃப்ட்டு இன்னா ஆவுதுன்னு பாரு, புள்ளைக்கு ஜொரம்னா ஆஸ்பத்திரிக்கு எவ்வளோ நேரம் ஆவுதுன்னு ஒரு தடவை போய்ப் பாரு. மாம்பலத்துல பப்ளிக் ஹெல்த் சென்டருக்கு நடந்தே போயிக்கினு இருந்தவன் நீ. என் பேச்சை நம்பலைன்னா வி.ஏ.ஓ. ஆபீசுல போயி பழைய அடங்கலை எடுத்து, அது நஞ்சையா, நத்தமான்னு பாரு. நத்தம்னா கண்ணை மூடிக்கினு வாங்கு, எங்க பெரியவங்க மேடு பாத்துத்தான் குடியிருந்தாங்க. ரெரா நம்பர் இருக்குது, சிஎம்டிஏ சீல் இருக்குதுன்னு காயிதத்தைக் காட்டுவான். வாங்கி வெச்சுக்க, கட்டடத்துக்கு அது வேணும். தண்ணிக்குப் படிக்கத் தெரியாது.

அதெல்லாம் பாத்து முடிக்கற வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதே. பில்டர்கிட்ட பேசறப்ப என் பேரை மட்டும் எடுக்காதே கண்ணு. மிச்சம் இருக்கற அரை ஏக்கரை அவனுக்குத்தான் பேசி வெச்சிருக்கேன்.