தொலைபேசி ஆங்கிலம்: அவுஸ்திரேலியத் தமிழரின் மூன்று தலைமுறைகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1901 முதல் 1958 வரை அவுஸ்திரேலியா தனக்கு வேண்டாதவர்களைத் துறைமுகத்திலேயே மடக்கி, ஐம்பது சொல்லில் சொல்வதெழுதல் வைத்தது. மொழியை அதிகாரிதான் தெரிவு செய்வார். பல மொழி அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ்ஷுக்கு 1934இல் ஸ்கொட்டிஷ் கேலிக்கில் வைத்தார்கள். குடிவரவுச் சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அதுவல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பரீட்சை ஒழியவில்லை, மின்சாரக் கம்பனிகளின் தொலைபேசிக்கு இடம்மாறியிருக்கிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதல் தலைமுறை, அப்பப்பா. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் இலக்கணம் படித்தவர். அவருடைய ஆங்கிலத்தில் பிழை கிடையாது. டண்டினோங்கில் அது யாருக்கும் விளங்கியதும் கிடையாது.

அதே தலைமுறை, அம்மம்மா. போருக்குப் பின் வந்த ஐரோப்பியருக்காக அரசாங்கம் 1948இல் தொடங்கிய இலவச ஆங்கில வகுப்புக்கு இன்று போகிறவர் அவர்தான். 510 மணி நேரம் என்றிருந்த வரம்பை 2021இல் எடுத்துவிட்டார்கள். அம்மம்மா வகுப்பை விடுவதாய் இல்லை. பக்கத்து மேசை வியட்நாமியப் பாட்டியிடம் கறிமிளகாய் நாற்று வாங்குமளவுக்குத் தேறிவிட்டார் (அம்மம்மா, 'சும்மா கேக்காதை', அடுப்படிப் பதிப்பு). புலம்பெயர் மொழி மாநாடுகளில் அவரைப் பற்றி நிறைய வாசிக்கிறார்கள். அவரிடம் யாரும் கேட்டதில்லை; வினாக்கொத்து ஆங்கிலத்தில் இருந்ததாம்.

இரண்டாம் தலைமுறை, அப்பா. ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி வந்த பொறியியலாளர். வீட்டில் பேசும் ஆங்கிலம் வேறு. உரையாடல் பதிவு செய்யப்படும் என்ற அறிவிப்பு கேட்டதும் மூக்கிலிருந்து புறப்படுவது வேறு. காத்திருப்பு இசைக்குத் தொண்டையைச் செருமுவார். மனிதக் குரல் வந்ததும் எழுந்து நிற்பார். இருந்துகொண்டு பேசினால் உச்சரிப்பு வராது என்பது தூங்காபி மரபு, சோபாவில் சாய்ந்தும் பேசலாம் என்பது வெஸ்ற்மீட் மரபு (காண்க: ரயில் மேடை விவாதங்கள், தொகுதி 2, ரயில் வந்துவிட்டதால் தொகுதி 1 முற்றுப்பெறவில்லை). பிறகு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் கட்டம். 'எஸ் போர் சுகர், ஐ போர் இட்லி' வரை பழுதில்லை. 'வி போர் விபூதி' என்று வாய் தவறிய இடத்தில், மறுமுனை அதுதான் பெயர் என்று எழுதிக்கொண்டது (பெண்டில் ஹில் மளிகைக்கடைப் பற்றுச்சீட்டு, பின்புறக் குறிப்பு, எண்ணெய் பட்ட பிரதி, எண்ணெய் படாத பிரதியொன்று ஹோம்புஷ்ஷில் உண்டென்போர் அதைக் கண்ணிற் காட்டியதில்லை, அவர்களை மறுத்துத் தனி நூல் வரும், அதற்கு அவர்களே அணிந்துரை தருவார்கள்).

மூன்றாம் தலைமுறை, இங்கே பிறந்த மகள். அப்பழுக்கற்ற ஆங்கிலம். போன் அடித்தால் எடுக்கமாட்டாள். 'மெசேஜ் பண்ணச் சொல்லுங்கோ' என்பாள்.

ஆகவே மின்கட்டணச் சீட்டு இன்னமும் திரு. விபூதிக்கே வருகிறது. காசு மட்டும் அப்பாவின் கணக்கிலிருந்து எழுத்துப்பிழை இல்லாமல் போகிறது.